ஏடபிள்யூஎஸ் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகும் முறை

கிளவுட் பாதுகாப்பில் சான்றிதழ் பெற விரும்புவோர் எந்தச் சான்றிதழ் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஐஎஸ்சி2 என்ற தகவல் பாதுகாப்பு அமைப்பு வழங்கும் சிசிஎஸ்பி சான்றிதழ் எந்த ஒரு நிறுவனத்தின் சேவையையும் சாராதது. ஆனால் அதை முழுமையாகப் பெறுவதற்குப் பொதுவாக ஐந்தாண்டு தகவல் தொழில்நுட்ப அனுபவமும், அதில் மூன்றாண்டு தகவல் பாதுகாப்பு அனுபவமும் கேட்பார்கள். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் கணக்குகளில் அன்றாடம் வேலை செய்யும் இளைஞர்களுக்கு அந்நிறுவனத்தின் 'செக்யூரிட்டி ஸ்பெஷாலிட்டி' தேர்வையே நான் பரிந்துரைப்பேன். அதை எழுத முன்தகுதி எதுவும் கட்டாயமில்லை. 170 நிமிடங்களில் 65 கேள்விகளுக்கு விடையளித்து, 1000-க்கு 750 மதிப்பெண் பெற வேண்டும்.

சேவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்து இத்தேர்வில் தேற முடியாது. ஒரு கோரிக்கை ஏன் அனுமதிக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதைக் யாருக்கு எது அனுமதி என்று வகுக்கும் கொள்கை ஆவணங்களைப் படித்தே சொல்லும் பயிற்சி வேண்டும். வெளிப்படையான மறுப்பு எந்த அனுமதியையும் வென்றுவிடும் என்பதும், ஒரு நிறுவனத்தின் கணக்குகளுக்கு மொத்தமாக வைக்கும் எஸ்சிபி கொள்கை எல்லையை மட்டுமே வகுக்கும், தானாக எந்த உரிமையையும் வழங்காது என்பதும் இதன் அடிப்படைகள்.

இதைக் கையால் செய்து பார்ப்பதற்கு இரண்டு சோதனைக் கணக்குகள் போதும். இரண்டிலும் ரூட் பயனருக்கு (கணக்கின் முழு உரிமையுள்ள பயனர்) எம்எஃப்ஏ என்னும் கூடுதல் அடையாளச் சரிபார்ப்பை வைத்து, செலவு எச்சரிக்கையையும் அமைத்த பிறகே தொடங்குங்கள். முதல் கணக்கில் ஒரு எஸ்3 பக்கெட்டை (கோப்புச் சேமிப்பிடம்) உருவாக்கி, குறியாக்கச் சாவிகளை நிர்வகிக்கும் கேஎம்எஸ் சேவையில் நீங்களே உண்டாக்கிய சாவியால் அதிலுள்ள கோப்பைக் குறியாக்கம் செய்து, இரண்டாவது கணக்கின் ரோல் (தற்காலிகமாக ஏற்கும் அடையாளம்) ஒன்றிலிருந்து அதைப் படிக்க முயலுங்கள். ரோலின் ஐஏஎம் (அணுகல் உரிமை மேலாண்மை) கொள்கை, பக்கெட் கொள்கை, சாவியின் கொள்கை ஆகிய மூன்றும் இடம் கொடுத்தால்தான் கோப்பு திறக்கும். ஒவ்வொன்றாக நீக்கி, எந்தப் பிழைச்செய்தி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கேஎம்எஸ்ஸில் ஏடபிள்யூஎஸ் தானே பராமரிக்கும் சாவியால் அதே கோப்பைக் குறியாக்கம் செய்து பாருங்கள். அந்தச் சாவியின் கொள்கையை நம்மால் மாற்ற முடியாது என்பதால், மற்ற கணக்கிலிருந்து படிக்க வழியே இல்லை. தேர்வில் நீண்ட சூழ்நிலைக் கேள்விகளாக வருபவற்றில் பல இந்த ஒரு பயிற்சிக்குள் அடங்கிவிடும். கோப்பைப் படித்தவர் யார் என்பதை, கணக்கின் செயல்களைப் பதிவு செய்யும் கிளவுட்டிரெயில் இயல்பாகப் பதிவு செய்யாது, அதற்குத் தரவு நிகழ்வுகள் என்னும் பதிவைத் தனியே இயக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம்.

பிணையப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் இரு விதித்தொகுப்புகளின் வேறுபாட்டையும் அறிந்திருங்கள். சர்வர் அளவில் இயங்கும் செக்யூரிட்டி குரூப்பில் உள்ளே வந்த இணைப்புக்கான பதில் தானாக வெளியேறும். துணைப்பிணைய (சப்நெட்) அளவில் இயங்கும் நெட்வொர்க் ஏசிஎல்லில் அதற்கும் தனி விதி எழுத வேண்டும். சந்தேகத்துக்குரிய செயல்களைக் கண்டறியும் கார்டுடியூட்டி சேவை முதல் 30 நாட்களுக்கு இலவசம் என்பதால், அதையும் சோதனைக் கணக்கில் இயக்கிப் பாருங்கள்.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் தேர்வெழுதும்போது 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். நம்மவர் பலர் இதை அறியாமலே தேர்வெழுதிவிடுகிறார்கள். தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் விடாதீர்கள். தேறாவிட்டால் 14 நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம். தேறினால் சான்றிதழ் மூன்றாண்டு செல்லும்.