சோலைக்காட்டு விளிம்பில் விண்டர்கிரீன் புதரை அடையாளம் காணும் முறை

உதகமண்டலத்திலிருந்து தொட்டபெட்டாவை நோக்கி ஏறும்போது சாலைக்காக வெட்டப்பட்ட மண்சரிவுகளிலும், சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்புகளிலும், ஏறத்தாழ ஆள் உயரம் வளரும் ஒரு பசுமைமாறாப் புதரைக் காணலாம். இலையைக் கசக்கி முகர்ந்தால் மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி மூக்கில் ஏறும். இதை நீலகிரியில் விண்டர்கிரீன் என்கிறார்கள். தாவரவியலில் இதன் பெயர் கால்தீரியா ஃபிராக்ரான்டிசிமா. எரிகேசி குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி இமயமலைப் பகுதியிலும் மேகாலயாவின் காசி மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளிலும் இலங்கையின் மேட்டு நிலங்களிலும் வளர்கிறது. செடியைக் காணச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் இலையைக் கசக்கி, வாசனை வந்ததும் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றி, வாசனையைக் கடைசிக்கு ஒத்திவைக்க வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. வாசனை ஒரு பெயரைத் தருமே தவிர, செடியின் உறவுமுறையைச் சொல்லாது. அதைச் சொல்வது, இதழ்களுக்கு வெளியே பூவின் அடியில் அமைந்த வட்டமான புல்லிவட்டம்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், பாதியாக உடைத்த சவரப் பிளேடு, குண்டூசி, வெள்ளைத்தாள், பென்சில், குறிப்பேடு ஆகியவை போதும். காப்புக்காட்டுக்குள் நுழைவதற்கும் அங்கிருந்து எதையும் பறிப்பதற்கும் வனத்துறையின் அனுமதி தேவை என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் சாலையோரச் செடிகளின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களையும் காய்களையும் கொண்டே பழகுவது நல்லது.

முதலில் கிளையில் இலைகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கால்தீரியாவின் இலைகள் ஒரு கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும். ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நின்றால் அது வேறு செடி. அதே மலைகளில் காணப்படும் தவிட்டுக்கொய்யாவும், நீலக் காய்களால் பலரை ஏமாற்றும் லேசியாந்தஸ் புதரும் இந்த ஒரே சோதனையில் விலகிவிடும். அடுத்து இலையை விரலால் தடவிப் பார்க்கவும். தோல் போன்ற தடிப்பும் விளிம்பில் நுண்ணிய பற்களும் தெரியும். பெரும்பாலான இலைகள் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இலைக்காம்பு பலவேளைகளில் செம்மை படர்ந்திருக்கும். காம்பின் அடியில் இலையடிச்செதில் இருக்காது. இலையைத் திருப்பிப் பிடித்து லென்ஸை வைத்தால், வெளிறிய அடிப்பரப்பில் பழுப்பு நிறப் புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தோன்றும் அப்புள்ளிகள் விரலால் துடைத்தாலும் போகாது.

இதே விளிம்புகளில், தோல் போன்ற பல்விளிம்பு இலைகளை மாறி மாறித் தாங்கி, சிறிய வெண்ணிறப் பூக்களோடு நிற்கும் யூர்யா என்ற இன்னொரு புதர் உண்டு. பெயரைக் கேட்டு உர மூட்டையை நினைக்க வேண்டாம்; அது தேயிலைக்குத் தூரத்து உறவு. யூர்யாவின் பூக்கள் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையில், கொத்தாக ஒட்டியிருக்கும். ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியாக இருக்கும். கால்தீரியாவிலோ இலைக்கக்கத்திலிருந்து ஒரு தண்டு நீண்டு, அதன் மேல் பூக்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பூவும் இருபால் பூ. ஒவ்வொரு பூவின் கீழும், புல்லிவட்டத்தை ஒட்டினாற்போல, இரண்டு சிறு செதில்கள் இருப்பதையும் லென்ஸில் பார்த்துவிடவும்.

இனிப் பூவை அறுக்க வேண்டும். நான்கைந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்பூவின் அல்லிவட்டம், வாய் குறுகிய குடத்தைக் கவிழ்த்ததுபோல, இதழ்கள் இணைந்து ஒரே கூடாக இருக்கும். வாய் விளிம்பில் மட்டும் ஐந்து சிறு மடல்கள் வெளிப்புறம் மடங்கியிருக்கும். பூவை வெள்ளைத்தாளில் படுக்க வைத்து, காம்பிலிருந்து வாய்வரை பிளேடால் நெடுக்காக ஒரே இழுப்பில் அறுத்தால், உள்ளே பத்து மகரந்தத்தாள்கள் தெரியும். சாதாரணப் பூக்களில் மகரந்தப்பை நெடுக்காக வெடிக்கும். இங்கே நுனித் துளைகள் வழியாகவே மகரந்தம் வெளியேறும். துளைக்கு அருகே மெல்லிய கொம்பு போன்ற நீட்சிகளும் இருக்கும். தேனைத் தேடி நுழையும் பூச்சி அந்தக் கொம்புகளில் இடறும்போது பை அதிர்ந்து, மகரந்தம் உப்புக்குப்பியிலிருந்து விழுவதுபோல உதிரும். குண்டூசியால் ஒரு கொம்பை மெல்லத் தட்டினால், முற்றிய பூவாக இருந்தால், தாளில் அந்தத் தூள் விழுவதைப் பார்க்கலாம். எனக்கு இது முதல்முறை கைகூடியது ஏழாவது பூவில்தான். முந்தைய ஆறும் பிளேடின் அவசரத்தில் நசுங்கிப்போயின.

அறுத்த பூவில் சூற்பை, அதாவது பின்னர் காயாக மாறும் பகுதி, இருக்கும் இடமே நாம் தேடும் சான்று. இதை விளங்கிக்கொள்ளச் சமையலறைக் காய்கள் உதவும். கத்தரிக்காயில் புல்லிவட்டம் காம்புப் பக்கம் தொப்பி போல இருக்கிறது. சூற்பை அதற்கு மேல் அமைந்ததால் இது மேல்மட்டச் சூற்பை. கொய்யாவிலும் மாதுளையிலும் புல்லிவட்டத்தின் எச்சம் காம்புக்கு எதிர்முனையில் கிரீடமாக நிற்கிறது. சூற்பை அதற்குக் கீழே இருந்ததால் இது கீழ்மட்டச் சூற்பை. கால்தீரியா கத்தரிக்காயின் கட்சி. ஆனால் பூ உதிர்ந்தபின் அது செய்வதைக் கத்தரிக்காய் செய்வதில்லை. ஐந்து மடல்கள் கொண்ட புல்லிவட்டம் வளரத் தொடங்கி, சதைப்பற்று ஏறி, உள்ளிருக்கும் காயைச் சுற்றி மேலெழும்பி, முற்றும்போது கருநீல நிறம் அடைகிறது. சொடக்குத் தக்காளியில் தாள் பைபோலக் காயை மூடும் அதே உறுப்பு, இங்கே பழச் சதையாக மாறிவிடுகிறது. ஆகவே, நீலப் பழம் என்று நாம் கருதுவது உண்மையில் பழமே அன்று. நீல உருண்டையின் நுனியை லென்ஸில் பார்த்தால், ஐந்து மடல்களும் முழுவதுமாகச் சேராமல் விட்ட சிறு இடைவெளியில் உள்ளிருக்கும் காயின் முனை தெரியும். குண்டூசியால் நீலச் சதையை உரித்தால், ஐந்து அறைகள் கொண்ட, உலர்ந்து வெடிக்கும் உண்மைக்கனி கைக்கு வரும். அதனுள் மிக நுண்ணிய விதைகள் நிறைந்திருக்கும்.

இந்தச் சோதனை கைவந்துவிட்டால், அதே சரிவில் நிற்கும் சொந்தக்காரர்களைப் பிரித்தறிவது எளிது. வாக்சீனியம் லெஷனால்டியையின் பூவும் குட வடிவமே. ஆனால் அதன் சூற்பை கீழ்மட்டமானது என்பதால், பழுத்த காயின் நுனியில் கொய்யாவைப் போலப் புல்லிவட்டத் தழும்பு வளையமாகத் தெரியும். புளூபெர்ரியும் இந்தப் பேரினமே என்பதால், கடையில் விற்கும் புளூபெர்ரியின் நுனியிலும் அதே வளையத்தைக் காணலாம். லெஷனால்டியை என்ற சிற்றினப் பெயரில் நினைவுகூரப்படும் லெஷனோ என்பவர், புதுச்சேரியில் பணியாற்றியபோது நீலகிரிக்கு வந்து செடிகளைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர். கால்தீரியாவையும் ஒரு காலத்தில் அவர் பெயராலேயே வழங்கினார்கள். 1820இல் வாலிக் என்ற தாவரவியலாளர் வெளியிட்ட ஃபிராக்ரான்டிசிமா என்ற பெயர் முந்தையது என்பதால் அதுவே நிலைத்தது. இன்னொரு உறவான காட்டுப்பூவரசு, அதாவது நீலகிரி ரோடோடென்ட்ரான், குழப்பத்துக்கு இடம் தராது. பெரிய செந்நிறப் பூக்கள், இலையின் அடியில் துருநிறக் கம்பளம்போன்ற ரோமப் படலம், உலர்ந்த வெடிகனி ஆகிய மூன்றும் தூரத்திலிருந்தே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது இலையைக் கசக்கலாம். கசக்குவதற்கு முன் இலை அவ்வளவாக மணப்பதில்லை என்பதைக் கவனிக்கவும். வாசனைக்குரிய மெத்தில் சாலிசிலேட், முழு இலையில் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து மணமின்றிக் கிடக்கிறது. இலையணுக்கள் உடையும்போது நொதி ஒன்று அப்பிணைப்பை அறுத்து அதை விடுவிக்கிறது. எண்ணெய் எடுக்க இலையைக் காய்ச்சி வடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பதன் காரணமும் இதுதான். வடித்தெடுத்த எண்ணெய் நீரைவிடக் கனமானது என்பதால் பாத்திரத்தின் அடியில் தங்கும். யூகலிப்டஸ் தைலம் மேலே மிதப்பதையே பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு முதலில் திகைப்பார்கள். எச்சரிக்கை ஒன்று: இந்த எண்ணெய் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் எண்ணெய், ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்; சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அதற்கும் குறைவே போதும். ஆகவே இது குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

செடி நிற்கும் மண்ணையும் குறித்துக்கொள்ளாமல் அடையாளம் காணல் முழுமை பெறாது. எரிகேசி குடும்பத்தின் நுனிவேர்கள் முடிபோல மெல்லியவை. அவற்றில் வேர்த்தூவிகள் இல்லை. அவற்றின் அணுக்களுக்குள் குடியிருக்கும் பூஞ்சைகள், அமிலத்தன்மை மிக்க வளமற்ற மண்ணிலிருந்து ஊட்டத்தைப் பெற்றுத் தருகின்றன. சாலைக்காக வெட்டிய வெறும் சரிவில் இப்புதர் தழைப்பதற்கும், எருவிட்ட தோட்டத்தில் வாடுவதற்கும் இந்த ஏற்பாடே காரணம். தோட்டக்காரர் ஒருவர் கொடுத்த கன்றை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நட்டு நான் இதை விலை கொடுத்துக் கற்றேன். இரண்டு மழைக்குப் பிறகு இளம் இலைகள் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவும் மாறின. சுவரிலிருந்து வழிந்த சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிட்டதால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியவில்லை. கன்று பிழைக்கவில்லை.

விதையிலிருந்து வளர்க்க விரும்புபவர்கள், உரித்தெடுத்த வெடிகனியைத் தாளில் உலர்த்தி விதைகளைத் தட்டியெடுத்து, இலைமட்கு கலந்த அமிலத்தன்மையுள்ள மண்ணின் மேற்பரப்பில் தூவவேண்டும். மேலே மண் போட்டு மூடக்கூடாது. கிணற்றுநீரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து இருக்கும் என்பதால் மழைநீரையே தெளிக்கவும். முளைத்துவரும் கன்றுகள் பல வாரங்களுக்குக் கடுகளவே இருக்கும் என்பதால், களை என்று எண்ணிக் கிள்ளிவிடாமல், லென்ஸை அருகில் வைத்துக்கொண்டு களையெடுக்கவும்.