குடிநீருக்கு மானியம் கேட்கப் போகிறீர்களா? படிவத்தை அப்புறம் எடுங்கள்

நூறு, இருநூறு வீடுகளே உள்ள ஊருக்கு நல்ல குடிநீர் கொடுப்பது, வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால், நகரத்துக்குக் கொடுப்பதைவிடச் செலவு அதிகம். கிணறு, மோட்டார், சுத்திகரிப்பு என எல்லாச் சுமையும் சில குடும்பங்களின் தலையில் விழுகிறது. அதனால்தான் பல நாடுகளில் அரசுகளும் தொண்டு அமைப்புகளும் சிற்றூர்களுக்கென்றே மானியம் ஒதுக்குகின்றன. இதுவரை விண்ணப்பமே எழுதிப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: தண்ணீரைச் சோதியுங்கள்

எல்லாரும் படிவத்தில் தொடங்குகிறார்கள். நீங்கள் தண்ணீரில் தொடங்குங்கள். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970களிலிருந்து உதவிப் பணத்தில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. கிருமிக்குப் பயந்து தோண்டிய கிணற்றில் நஞ்சு இருந்தது. பணம் வருவதற்கு முன்பே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே வாங்குங்கள். குழாய் முனையில் சல்லடையோ டியூபோ இருந்தால் கழற்றிவிட்டு, முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். பாட்டிலைக் கழுவக் கூடாது. குளோரினை முறிக்கும் மருந்து உள்ளேயே போட்டிருப்பார்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்திலும் எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளோடு ஒப்பிடுங்கள்: 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை (தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. லிட்டருக்கு ஆர்சனிக் 10 மைக்ரோகிராம், ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம் தாண்டக் கூடாது. உங்கள் நாட்டு அளவு வேறாக இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் கருவி கேட்பது என்பதை முடிவு செய்வது இந்தத் தாள்தான். பெரும்பாலான கிருமிகளுக்குக் குளோரின் போதும். ஃப்ளூரைடை அது ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

படி 2: யார் பெயரில் கேட்பது?

பெரும்பாலும் பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் பணம் தருவார்கள். ஊராட்சியோ, பதிவு செய்த குடிநீர்க் குழுவோ, கூட்டுறவோ எதுவானாலும் சரி, அதன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். தொட்டி வரப்போகும் இடம் யாருடையது என்பதற்கு எழுத்துச் சான்றும் வேண்டும்.

படி 3: மானிய அறிவிப்பை இரண்டு முறை படியுங்கள்

இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, ஊர்ப் பங்கு, அதாவது செலவில் ஊர் தர வேண்டிய பகுதி. சில இடங்களில் உழைப்பையும் நிலத்தையும் பங்காக ஏற்பார்கள், சில இடங்களில் ரொக்கம்தான். இரண்டாவது, பணம் எப்போது வரும்? சில மானியங்களில் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டிய பிறகுதான் பணம் திரும்ப வரும். இதைக் கவனிக்காவிட்டால் குழி தோண்டியபடி வேலை பாதியில் நின்றுவிடும்.

படி 4: பிரச்சினையை எழுதுங்கள்

"எங்கள் மக்கள் தண்ணீரின்றித் தவிக்கிறார்கள்" என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் படிப்பவரால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "120 வீடுகள் ஒரே கிணற்றை நம்பியுள்ளன. மூன்று மாதங்களில் எடுத்த நான்கு மாதிரிகளில் மூன்றில் ஈ.கோலை இருந்தது. அறிக்கைகள் இணைப்பில்." தவிப்பு அதிலேயே தெரிகிறது.

படி 5: மானியம் தீர்ந்த பிறகு?

என்னைக் கேட்டால் விண்ணப்பத்தின் உயிர் இந்தப் பக்கம்தான். மானியம் பெரும்பாலும் கட்டுவதற்குத்தான், ஓட்டுவதற்கு அல்ல. பணம் எந்த நாட்டுடையதானாலும் கணக்கு ஒன்றுதான். ஆண்டுக்கு மின்சாரம் 24,000, மோட்டார் இயக்குபவர் சம்பளம் 30,000, குளோரினும் சோதனையும் 8,000 என்று வையுங்கள். மோட்டார் விலை 1,00,000, அது 10 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 10,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் 72,000. இதை 120 வீட்டுக்குப் பிரித்தால் மாதம் 50 வரும். ஆனால் எல்லாரும் தவறாமல் கட்டுவார்கள் என்று எண்ணாதீர்கள். 100 வீடு கட்டும் என்று வைத்தால் மாதம் 60. அந்த 60ஐ ஊர்க் கூட்டத்தில் சொல்லி, பெண்களும் இருக்கும்போது பேசி, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கட்டவே முடியாத வீடுகளுக்கு என்ன ஏற்பாடு என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும். பணம் இல்லை என்பதற்காக எந்த வீட்டுக்கும் தண்ணீர் நிற்கக் கூடாது.

படி 6: அனுப்புங்கள்

கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒப்புகையை வாங்கி வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் காரணம் கேட்டு எழுதுங்கள். திருத்தி அடுத்த சுற்றில் மறுபடி போடலாம்.

கிடைத்துவிட்டதா? முதல் நாளிலிருந்தே எல்லா ரசீதையும் ஒரே கோப்பில் வையுங்கள். வேலை முடிந்து தண்ணீர் வந்ததும், முன்பு மாதிரி எடுத்தீர்களே, அதே குழாயில் அதே முறையில் மறுபடி எடுத்து அனுப்புங்கள். அந்தப் புதிய அறிக்கையின் நகல் ஒன்று மானியம் தந்தவர்களுக்கு, இன்னொன்று ஊர் அறிவிப்புப் பலகைக்கு.