இரைப்பைப் புற்றுநோய்: ரத்த ரிப்போர்ட்டை நோட்டில் எழுதிப் படிப்பது எப்படி

பாலக்கோட்டில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் நகராமல் நின்று கேட்பது ஒன்றுதான்: "நல்லா இருக்காம்மா?" இரைப்பையில் கேன்சர் என்று தெரிந்த வீட்டுக்காரர்கள் கேட்டால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். இன்னும் எத்தனை நாள்? என் அப்பாவுக்கு இதே நோய் வந்தபோது நானும் எண்களுக்குள் அதைத்தான் தேடினேன். நாள் கணக்கை ரத்தம் சொல்லாது. உடம்பு தேறுகிறதா, தளர்கிறதா என்பதைச் சொல்லும். அது தெரிந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியதை நேரத்தோடு கேட்கலாம்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் நிலையை எழுதுங்கள்: கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறது, கல்லீரல் போன்ற வேறு இடங்களுக்குப் போயிருக்கிறதா. ஆயுளைப் பற்றி அதிகம் சொல்வது இந்தப் பக்கம்தான். ரத்த எண்கள் எல்லாம் இதற்கு அடுத்த படி.

அடுத்த பக்கத்தில் கட்டம் போடுங்கள். தேதி, எந்த லேப், மொத்த வெள்ளணு, பாலிமார்ப்ஸ், லிம்போசைட், பிளேட்லெட், ஹீமோகுளோபின், ஆல்புமின், சிஆர்பி, எடை. சில ரிப்போர்ட்டில் பாலிமார்ப்ஸ் என்பதை நியூட்ரோஃபில் என்று அச்சடித்திருப்பார்கள், இரண்டும் ஒன்றே. அதுவும் லிம்போசைட்டும் வெள்ளணுவின் வகைகள், ரிப்போர்ட்டில் சதவீதமாக வரும். ஆல்புமின் கல்லீரல் செய்யும் புரதம், சிஆர்பி உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம். ஆல்புமினுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம், லிவர் டெஸ்ட்டுக்குள்ளேயே வரும். கடைசிக் கட்டம் அகலமாக இருக்கட்டும். அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, வாந்தி உண்டா, என்ன ஊசி போட்டார்கள் என்று அதில் எழுதுங்கள். இந்தக் கட்டம் இல்லாத நோட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இனி கணக்கு. அப்பாவின் முதல் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். மொத்த வெள்ளணு 8,400, பாலிமார்ப்ஸ் 72, லிம்போசைட் 18, ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.1 கிராம்.

72-ஐ 18-ஆல் வகுத்தால் 4. இரைப்பைப் புற்றுநோயில் இந்த விகிதம் ஏறினால் நல்லதில்லை என்று நிறைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லைக்கோட்டை ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 5 என்பார். அதனால் 4 என்றதும் கலங்க வேண்டாம், அடுத்த முறை 3 ஆகிறதா 6 ஆகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கணக்கு 1984-இல் ஜப்பானில் ஒனோடெரா என்பவரும் உடன் இருந்தவர்களும் கொடுத்தது. ஆல்புமினை 10-ஆல் பெருக்கினால் 31. 8,400-இல் 18 சதவீதம் 1,512 லிம்போசைட், அதை 0.005-ஆல் பெருக்கினால் 7.56. இரண்டையும் கூட்டினால் 38.56. அவர்கள் கணக்கில் 45-க்கு மேல் என்றால் குடலை வெட்டி இணைக்கும் அறுவையை உடம்பு தாங்கும், 40-க்குக் கீழே என்றால் அந்த அறுவையைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, சிஆர்பியையும் ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பெண். அதற்குப் பெருக்கலே கிடையாது. சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 1, கூடவே ஆல்புமின் 3.5-க்குக் கீழே இருந்தால் 2, சிஆர்பி தாண்டாவிட்டால் 0. சில லேபில் சிஆர்பியை டெசிலிட்டரில் தருவார்கள். அங்கே 1.4 என்றால் இங்கே 14. அலகைப் பார்க்காமல் எழுதினால் பத்து மடங்கு தப்பும்.

இந்த எண்களெல்லாம் ஏன் சேர்ந்தே நகர்கின்றன? கட்டி உடம்புக்குள் ஓயாத அழற்சியை மூட்டி வைக்கிறது. பாலிமார்ப்ஸ் பெருகும், கட்டியோடு மல்லுக்கட்டும் லிம்போசைட் குறையும். கல்லீரலோ ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு சிஆர்பியைச் செய்யத் தொடங்கும். இது தெரியாமல் அம்மா தினமும் ஆறு முட்டையின் வெள்ளைக்கருவை அப்பாவுக்கு ஊட்டினார். "இவ்ளோ குடுத்தும் ஏறலையேடி" என்று என்னிடம் அழுதார். அப்பாவுக்கோ இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வாய் கட்டியால் சுருங்கி, ராகிக் கூழ்கூட மாலையில் வாந்தியாக வந்துகொண்டிருந்தது. நோட்டைக் காட்டியதும் டாக்டர் அறுவையைத் தள்ளிவைத்து, சிறுகுடலில் குழாய் வைத்து உணவு கொடுக்கச் சொன்னார். ஆல்புமினின் பாதி அளவு மாறவே சுமார் 20 நாள் ஆகும், வாராவாரம் பார்ப்பது வீண் செலவு. ஆறு வாரம் கழித்து ஆல்புமின் 3.5, மொத்த வெள்ளணு 7,600, பாலிமார்ப்ஸ் 64, லிம்போசைட் 26. விகிதம் 2.5-க்கு வந்தது, ஒனோடெரா கணக்கு 44.88, கிட்டத்தட்ட 45. அறுவை நடந்தது. அதன் பிறகு அப்பா 2 வருடம் 4 மாதம் எங்களோடு இருந்தார். 38.56-ஐப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. அந்த எண்ணுக்குள் இந்த 2 வருடம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

எண்கள் ஏமாற்றும் இடங்களும் உண்டு. கீமோவுக்கு முன் போடும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி பாலிமார்ப்ஸை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும், ஆகவே அதற்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். வெள்ளணு ஏற்றும் ஊசிக்குப் பிறகு வரும் விகிதத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுத் தள்ளிவிடுங்கள். சளிக் காய்ச்சல், அறுவை முடிந்த முதல் வாரம் எல்லாம் இதே கதைதான்.

டிரிப்ஸ் ஏறும் கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள். வெளியூரில் ஓரிடத்தில் அப்பாவுக்கு அப்படி எடுத்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் 6, ஆல்புமின் 2, சர்க்கரை 480. ரத்தம் ஏற்ற ஆள் தேடச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அந்த 480 குளுக்கோஸ் பாட்டிலின் சர்க்கரை என்று எனக்குப் பட்டது. அடுத்த கையில் எடுக்கச் சொன்னேன், ஹீமோகுளோபின் 9.8 வந்தது.

சிஇஏ, சிஏ 19-9 இரண்டையும் கட்டி குறிப்பான்கள் என்பார்கள், கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய பொருள்கள். நம்மில் சிலருக்குப் பிறவியிலேயே சிஏ 19-9 உற்பத்தி ஆகாது, நோய் முற்றினாலும் அது ஏறாது. மஞ்சள் காமாலை வந்தால் கேன்சர் இல்லாதவருக்கும் ஏறும். புகை பிடிப்பவருக்கு சிஇஏ கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பெங்களூரில் ஒருமுறை, சேலத்தில் ஒருமுறை என்று பார்த்தால் கருவி வேறு, எண்ணும் வேறு. ஒரே லேபில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மாரண்டஅள்ளி அக்கா ஒருவர் வந்து "விகிதம் ஒன்னுக்குக் கீழ வந்துடுச்சும்மா" என்று சந்தோஷமாகச் சொன்னதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். கீமோ நடக்கும்போது அப்படி இறங்கினால் பாலிமார்ப்ஸ் தீர்ந்துகொண்டிருக்கலாம். மொத்த வெள்ளணுவைப் பாலிமார்ப்ஸ் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 500-க்குக் கீழே வந்து, காய்ச்சலும் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வத்தல்மலையில் இருந்தாலும் சரி, 108-ஐக் கூப்பிட்டு இரவோடு இரவாகத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "கீமோ நடக்குது, காய்ச்சல் அடிக்குது" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.