மும்பை ஈரத்தில் பூவைப் பாடம் பண்ணுவது எப்படி?

பூவைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினால் தானாகக் காய்ந்துவிடும் என்றுதான் அம்பாசமுத்திரத்தில் இருந்தவரை நினைத்திருந்தேன். அந்த ஊர் சித்திரை வெயிலுக்கு அது சரி. கல்யாணமாகி செம்பூருக்கு வந்த முதல் ஆடியில், ஒரு செம்பருத்தியை டைரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன். பத்து நாள் கழித்துத் திறந்தால், பசை தடவியது போல இரண்டு பக்கமும் ஒட்டிக்கிடந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். பூவோடு டைரியும் போயிற்று.

பூவுக்குள் இருக்கும் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியே போகிறதோ, அந்த அளவுக்கு நிறம் நிற்கும். மெதுவாகக் காய்ந்தால் இதழ் பழுப்பேறும், பூஞ்சணமும் பிடிக்கும். கீழே சொல்கிற எல்லாமே இந்தத் தண்ணீரைத் துரத்தும் வேலைதான்.

முதலில் எந்தப் பூ என்று பார்க்கலாம். ஆரம்பத்துக்குக் காகிதப்பூவை எடுங்கள். நாம் பூ என்று நினைக்கிற அந்த வண்ண மடல்கள் இலை வகையைச் சேர்ந்தவை. நடுவில் குச்சி போல இருக்கும் சின்ன வெள்ளைப் பூதான் அசல் பூ. மடலில் ஈரம் குறைவு என்பதால் கெட்டுப்போக வழியே இல்லை. சித்திரை, வைகாசியில் மாட்டுங்கா பக்கம் நடைபாதையில் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும் இயல்வாகையும் நல்ல பூ; மஞ்சள் நெடுநாள் நிற்கும். சிவப்பு ரோஜா கறுத்துப்போகும், முழுப் பூவாக வைத்தால் நடுவில் அழுகும். இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள். மல்லிகை எனக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு ஏமாற்றும் பூ. என்ன செய்தாலும் பழுப்புதான். செம்பருத்தியில் வழவழப்பு அதிகம், கை பழகும்வரை வேண்டாம்.

காலை பத்து, பதினொரு மணிக்குப் பனி ஈரம் போனபின் பறியுங்கள். தாதர் பூ மார்க்கெட்டில் வாங்கினால் தண்ணீர் தெளித்துத்தான் தருவார்கள். அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் பரப்பிவிட்டு எடுங்கள். போரிவலி தேசியப் பூங்காவில் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது, அது சட்டம். தெருவில் உதிர்ந்ததே நமக்குத் தாராளம்.

சரி, சங்குப்பூ ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். என் பால்கனி எண்ணெய் டின்னில் படர்ந்திருக்கும் கொடி அது. பூவைத் திருப்பினால், காம்போடு சேரும் இடத்தில் பச்சைப் புல்லிவட்டம் கட்டையாக இருக்கும். அதன் பின்பக்கத்தை பிளேடால் மெல்லிசாகச் சீவிவிடுங்கள். இல்லையென்றால் அந்த இடம் மட்டும் மேடாக நின்று, பக்கத்து இதழில் அழுத்தம் விழாமல் சுருங்கும். பிறகு பூவைக் குப்புறப் போட்டு, பெரிய இதழை விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். இங்கே விழும் மடிப்பு கடைசிவரை மடிப்புதான்.

பூவுக்கு மேலும் கீழும் பூ வேலைப்பாடு இல்லாத டிஷ்யூ பேப்பர் ஒவ்வொன்று. அதற்கு வெளியே இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தாள் செய்தித்தாள். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. பழைய டெலிபோன் டைரக்டரி யார் வீட்டிலாவது கிடந்தால் விடாதீர்கள், அதைப் போன்ற தாள் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே கனம் ஏற்ற வேண்டும். என் வீட்டில் அம்மா சீராகக் கொடுத்த அம்மிக்கல். மிக்ஸி வந்தபின் அதற்கு இதுதான் உத்தியோகம். அம்மி இல்லாதவர்கள் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை வைக்கலாம்.

முதல் மூன்று நாள் தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். பூவைத் தொட்டிருக்கும் டிஷ்யூவைப் பிரிக்காதீர்கள், ஈர இதழ் கிழியும். மார்கழி, தையில் இரண்டு வாரம் போதும். மழைக்காலத்தில் மூன்று வாரம் ஆகும், அப்போதும் நம்பக் கூடாது. அவசரமென்றால் தாளோடு சேர்த்து இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், பத்து நொடி வைத்து எடுங்கள். ஆறவிட்டு மறுபடி வையுங்கள். தேய்க்க வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னம்தான் கருவி. இதழைக் கன்னத்தில் ஒற்றினால் குளிர்ச்சி தட்டக் கூடாது. குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது. "பெரியம்மா, இது இன்னும் ஜில்லுனு இருக்கு" என்று என்னைவிடச் சரியாகச் சொல்லிவிடுவாள்.

காய்ந்ததை எவர்சில்வர் சம்புடத்தில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். ஒட்டும்போது ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, பல்குச்சி நுனியால் நாலைந்து பொட்டு மட்டும். இலையும் ஒட்டுவதானால் ஓர் இலையையாவது திருப்பிப் போடுங்கள், பின்பக்க நரம்பு தெரியட்டும். ஃபிரேம் போட்டால் வெயில் படும் சுவரும் மழைச்சாரல் ஊறும் சுவரும் ஆகாது.

ஒட்டிய தாளின் மூலையில் தேதியும் இடமும் எழுதாமல் விடாதீர்கள். இங்கே சேவியர் கல்லூரியில் 1906-இல் தொடங்கிய பிளாட்டர் ஹெர்பேரியம், அதாவது பாடம் பண்ணிய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடம், இருக்கிறது. சுவிஸ் நாட்டிலிருந்து வந்த எத்தெல்பர்ட் பிளாட்டர் என்ற பாதிரியார் தொடங்கியது. அப்படிப்பட்ட இடங்களில், எந்த ஊரில், எந்த நாளில், யார் பறித்தது என்ற சீட்டு இல்லாத செடிக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது. வீட்டுத் தாளுக்கும் அதேதான்.

என்னிடம் ஒரு தாளில் இரண்டு சங்குப்பூ இருக்கிறது. நீலம் கொஞ்சம் ஊதாவாக இறங்கிவிட்டது. மூலையில் பென்சிலில், "தை 2, அம்மா வீட்டு வேலி" என்று என் கையெழுத்து. வேலி இருந்த இடத்தில் இப்போது வேறொருவரின் கார் நிற்கிறது. பூவில் மகரந்தம் ஒட்டியிருந்த இடம் மட்டும் இன்னும் லேசாக மஞ்சளடித்திருக்கிறது. பக்கத்தில் வருஷமும் போட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். நீங்கள் வருஷத்தையும் சேர்த்து எழுதுங்கள்.