மாம்பழக் கூடைக்குள் எம்ஜி கார் சாமான்: கண்டுபிடிப்பது எப்படி?

எம்ஜி என்றால் இங்கே பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கிருஷ்ணகிரியில் எந்தப் பழைய இரும்புக் கடைக்காவது போய் "எம்ஜி கார் சாமான் ஏதாவது கிடைக்குமாண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் மூலையில் கிடக்கும் மாம்பழக் கூடையைக் கவிழ்த்து "எல்லாம் ஃபாரின் வண்டிதான், எடுத்துக்கோ தம்பி" என்பார். முக்கால்வாசி அம்பாசிடர்தான். அவர் மேல் தப்பில்லை. அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் 1955இல் வந்த எம்ஜிஏ மாடலின் இன்ஜினும் ஒரே குடும்பம்: பிரிட்டிஷ் கம்பெனியான பிஎம்சியின் பி-சீரிஸ்.

அதனால் உருவத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். பிஸ்டன் விட்டம் 73 மி.மீ. பக்கம் வந்தால் அம்பாசிடர் அல்லது எம்ஜிஏ 1500, 80 மி.மீ. பக்கம் என்றால் எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த எம்ஜிபி. அரை மி.மீ. கூடுதலாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம், பிஸ்டன் தலையில் 020 என்று குத்தியிருக்கும், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்த பிறகு போடும் ஓவர்சைஸ். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் விஷயம் வேறு: எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88.9 மி.மீ. என்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் இடங்களை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் 1964 கடைசிக்கு அப்புறம் வந்த எம்ஜிபி. மூன்று இருந்தால் அம்பாசிடர், எம்ஜிஏ, ஆரம்பகால எம்ஜிபி என எதுவாகவும் இருக்கலாம்.

பாகத்தில் குத்திய எண் தெரியவில்லையா? கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணும் சேர்ந்து போய்விடும். டீசலில் கழுவித் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்துவிட்டு விரலால் மெதுவாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். புடைத்து நிற்பது வார்ப்பு எண். ஒரே வார்ப்பிலிருந்து பல பாகங்கள் கடைந்திருப்பார்கள், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாக எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் குத்தியிருக்கும், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு.

எஸ்யு கார்புரேட்டர் சுலபம். மூடித் திருகில் மாட்டிய, எண் குத்திய அலுமினியத் தகடு தொலைந்திருந்தாலும் வாயை அளந்தால் போதும்: பெயரிலுள்ள எண் என்பது ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதுதான். ஒன்றரை அங்குலம் இருந்தால் எச்எஸ்4, ஒன்றேகால் என்றால் எச்எஸ்2. மிதவைக் கிண்ணம் தனியாகப் பக்கத்தில் இல்லாமல் அடியிலேயே சேர்ந்திருந்தால் எச்ஐஎஃப்.

மரைதான் பெரிய தலைவலி. யுஎன்எஃப், பிஎஸ்எஃப் என்று அங்குல மரையில் இரண்டு அளவுமுறை உண்டு, பிஎஸ்எஃப்தான் பழைய பிரிட்டிஷ் முறை. கால் அங்குல யுஎன்எஃப் போல்ட்டில் அங்குலத்துக்கு 28 மரை, பிஎஸ்எஃப்பில் 26. மாற்றிப் போட்டால் கையால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அங்கேயே நிறுத்த வேண்டும். நான் ஒருமுறை 'துருவாக இருக்கும்' என்று ஸ்பேனர் போட்டு இழுத்தேன், அலுமினியத்திலிருந்து மரை சுருள்சுருளாக வெளியே வந்தது. எம்ஜி டிடி மாதிரி பழைய வண்டி இன்னும் மோசம்: போல்ட் தலைக்குப் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் பொருந்தும், இன்ஜினில் மரையோ மெட்ரிக்.

கடைக்காரர் எதிரில் வெர்னியர் அளவுகோலை மட்டும் எடுக்காதீர்கள், எடைக்குக் கொடுப்பவர் உடனே பீஸுக்கு விலை சொல்வார். நான் அட்டையில் 75 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதற்குள் நுழையாத பிஸ்டனைப் பேசாமல் தராசில் வைத்துவிடுவேன்.