டேக் போர்டை மாற்றும் முன்

வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் டேக்கை (DAC, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் போர்டு) மாற்றப்போகிறேன் என்று யாராவது சொன்னால் என் முதல் கேள்வி, பவர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தது போல ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். சால்டரிங் விட்டுப்போவது, இடது வலது மாறுவது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அதை விடுங்கள்.

ஒரே பவரில் எல்லாவற்றையும் ஓட்டுவது

ஆம்ப்ளிஃபயருக்கு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) இருக்கிறது, அதிலேயே வோல்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வர்ட்டரை மாட்டி 5 வோல்ட் எடுத்து, பாட்டை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கும் டேக்குக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டும் வரும். கூடவே, பாட்டு மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கிர்ர் என்று ஒரு சத்தமும் வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்குச் சிப்தான் காரணம் என்று முடிவுகட்டி, நன்றாக இருந்த பிசிஎம்5102 டேக் போர்டைக் கழற்றிவிட்டுப் பல மடங்கு விலையில் இஎஸ்9038 டேக் போர்டு வாங்கிப் போட்டார். கிர்ர் அப்படியே இருந்தது. வீணாய்ப்போன அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டேக்கின் கிரவுண்ட் ஆம்ப்ளிஃபயரை இரண்டு வழியில் போய்த் தொடுகிறது: பவரின் நெகட்டிவ் ஒயர் ஒன்று, சிக்னல் ஒயரைச் சுற்றியுள்ள கம்பி உறையான ஷீல்டு இன்னொன்று. ஆம்ப்ளிஃபயரும் ராஸ்பெரி பையும் இழுக்கிற கரண்ட்டில் ஒரு பங்கு ஷீல்டு வழியாகவும் திரும்பும், ஒயரில் விழும் வோல்டேஜ் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். 10 மில்லிஓம் ஒயரில் 2 ஆம்பியர் ஓடினாலே 20 மில்லிவோல்ட். டேக் தருவதே சுமார் 2 வோல்ட் என்பதால் இந்த அழுக்கு பாட்டைவிட வெறும் 40 டெசிபல்தான், அதாவது நூறில் ஒரு பங்குதான், கீழே நிற்கிறது. 120 டெசிபல் சுத்தம் வேண்டுமென்றால் அது 2 மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அப்புறம் எந்தச் சிப் போட்டு என்ன?

எதையும் வாங்கும் முன் ராஸ்பெரி பையையும் டேக்கையும் ஒரு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சிப் மேல் தப்பில்லை. டேக் பக்கத்துக்குத் தனி ட்ரான்ஸ்ஃபார்மரோ, ட்ரான்ஸ்ஃபார்மரில் தனி வைண்டிங்கோ (கம்பிச் சுற்று) கொடுத்து, இரண்டு கிரவுண்டும் சிக்னல் ஒயரில் மட்டும் சேரும்படி செய்யுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று மெயின்ஸ் எர்த்தை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள், உயிர் போகிற விஷயம்.

கெயினை மறப்பது

கெயின் என்பது ஆம்ப்ளிஃபயர் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. டிபிஏ3116 ஆம்ப்ளிஃபயர் போர்டின் கெயின் 26 டெசிபலில் இருந்தால், டேக் தரும் 2.1 வோல்ட்டை 20 மடங்காக்கி 42 வோல்ட் ஆக்கப் பார்க்கும். 24 வோல்ட் சப்ளையில் அதற்கு எங்கே போவது? வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே உடைந்து கேட்கும், இரைச்சலும் கூடவே பெருகும். கெயின் ரெசிஸ்டர்களை மாற்றி 20 டெசிபலுக்கு இறக்குங்கள்.

பிசிஎம்5102-இல் எஸ்சிகே பின்

இது மாஸ்டர் கிளாக் (டேக்கின் நேரத்தை நடத்தும் சிக்னல்) வாங்கும் பின். அதைக் கொடுக்கவில்லையா, இந்தப் பின்னைக் கிரவுண்டில் கட்டுங்கள்.

நீளமான ஐ2எஸ் ஒயர்

ராஸ்பெரி பையிலிருந்து டேக்குக்கு டிஜிட்டல் பாட்டைக் கொண்டுபோகும் ஐ2எஸ் ஒயர் நீளமாக வேண்டாம். 10 சென்டிமீட்டருக்குள் முடியுங்கள்.

கெபாசிட்டர் ஆசை

சிக்னல் ஃபில்டரில் எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெபாசிட்டர் போட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள், வோல்டேஜ் மாற மாற அதன் மதிப்பும் மாறும். அங்கே சி0ஜி வகை செராமிக் போதும்.