ஈட்டி எறியும் சேலத்துப் பெண்களுக்கு முதலாண்டுப் பயிற்சி: விலாகோஷ் காட்டும் கணக்கு

பயிற்சி தொடங்குமுன் ஒருவருடைய எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். செர்பியாவில் 2004-ல் பிறந்த அட்ரியானா விலாகோஷ், 2021-ல் நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 61.46 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 2022 ஆகஸ்டில் அதே போட்டி கொலம்பியாவின் காலி (Cali) நகரில் நடந்தபோது 63.52, மீண்டும் தங்கம். அதே மாதம் மியூனிக்கில் பெரியவர்களோடு மோதி 62.01 எறிந்து ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 2024 ரோமில் 64.42, இன்னொரு வெள்ளி. 2025-ல் 67.22. நைரோபிக்கும் ரோமுக்கும் நடுவில் மூன்று வருடம். கூடியது மூன்று மீட்டர்கூட இல்லை. உலகத் தரத்திலேயே வளர்ச்சி பெரும்பாலும் இந்த வேகத்தில்தான் வரும். ஆறு மாதத்தில் பத்து மீட்டர் கூட்டுகிறேன் என்று பிள்ளையின் தோளை விரட்டாதீர்கள்.

முதலில் ஈட்டி. 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 500 கிராம், அதற்கு மேல் 600 கிராம். பள்ளிகளில் கிடைக்கும் மூங்கில் ஈட்டியில் எழுதியிருக்கும் எடையை நம்ப வேண்டாம்; மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 600 கிராம் ஈட்டியை விரலில் தாங்கினால், அது சமமாக நிற்கும் இடம் முனையிலிருந்து 80 முதல் 92 செ.மீ.க்குள் வர வேண்டும். கயிறு சுற்றிய பிடி அந்த இடத்தின் மேல் இருக்க வேண்டும். மூங்கிலில் கீறல் விட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்; சிலாம்பு உள்ளங்கையில் ஏறும்.

பிடிக்கும்போது கயிற்றின் பின்விளிம்பில் நடுவிரலும் கட்டைவிரலும் சேரட்டும், ஆள்காட்டி விரல் தண்டோடு பின்னால் நீளட்டும். உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். கையைப் பின்னால் நீட்டியபின் ஈட்டியின் முனை புருவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று எதிரிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். முனை வெளியே விலகினால் ஈட்டி ஆடிக்கொண்டே போகும்.

முதல் இரண்டு மாதம் நின்ற இடத்திலிருந்து எறிந்தால் போதும். பிறகு மூன்று காலடி வைத்து, பிறகு ஐந்து காலடி. முழு ஓட்டத்தை ஆண்டின் கடைசியில் தொடலாம். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 25, 30 எறிதல்; அதிலும் பாதி மிதமான வேகத்தில். மற்ற நாட்களில் ஒரு கிலோ எடையுள்ள பயிற்சிப் பந்தை (மெடிசின் பால்) இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து எறியச் சொல்லுங்கள்.

மாங்காய்க்குக் கல்லெறிந்து பழகிய கை முழங்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசும். ஈட்டிக்கு அது ஆகாது. முழங்கை தோளுக்கு மேல் உயர்ந்து, காதை ஒட்டி முன்னே வர வேண்டும். தாழ்ந்த முழங்கையோடு திரும்பத் திரும்ப எறிந்தால் முழங்கையின் உட்பக்கத் தசைநார் இழுபடும். அங்கே வலி வந்தால் அன்றைக்கு எறிதலை நிறுத்துங்கள். தைலம் தடவி எறிய வைப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்.

வலது கைக்காரருக்குக் கடைசி இரண்டு காலடிகள்தான் உயிர். வலது கால் குறுக்கே முன்னே போய் ஊன்றியதும், இடது கால் நீண்டு குதிகாலில் சட்டென ஊன்ற வேண்டும். இடது முழங்கால் மடங்கினால் ஓடிவந்த வேகமெல்லாம் அங்கேயே கரையும், ஈட்டிக்கு ஏறாது. பெரும்பாலும் காரணம் ஒன்றே: தாங்க முடியாத வேகத்தில் ஓடி வருவது. ஓட்டத்தில் இரண்டு காலடி குறைத்துப் பாருங்கள், கால் தானாக நிமிரும்.

கோணம் 30 முதல் 36 டிகிரி. பாடப்புத்தகத்தில் படித்த 45 டிகிரியை இங்கே கொண்டுவந்தால் மூக்கு மேலே தூக்கி, வால் முதலில் விழும், அது செல்லாது. உலோகத் தலை முதலில் தரையைத் தொட்டால் போதும், ஈட்டி குத்தி நிற்க வேண்டியதில்லை. நம் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும், முதல் தடம் தெரியாது. முந்தின நாள் மாலை விழும் இடத்தில் தண்ணீர் தெளித்து வைத்தால் தடம் தெளிவாகப் பதியும், முனையும் மழுங்காது. எல்லைக் கோடு போடுவது எளிது: எறிபவர் தாண்டக் கூடாத வளைகோடு எந்த வட்டத்தின் பகுதியோ, அந்த வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தொலைவில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே சரியாக 10 மீட்டர் இருக்க வேண்டும். அந்தக் கோடுகளுக்குள் யாரும் நிற்கும்போது ஒருவரும் எறியக் கூடாது. எடுக்கப் போகிறவர் நடந்தே போக வேண்டும். குத்தி நிற்கும் ஈட்டியின் வால் கண்ணுயரத்தில் இருக்கும்.

ஏப்ரல், மே வெயிலில் அலுமினிய ஈட்டியைத் தரையில் போட்டு வைத்தால் கை சுடும். நிழலில் சாய்த்து வையுங்கள். காலை எட்டரைக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. பனிமூட்டத்தில் கயிறு நனைந்து கை நழுவும். காய்ந்த துண்டும் கை வழுக்காமலிருக்கப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பவுடரும் பையில் இருக்கட்டும். மூட்டத்தில் எதிரே ஆள் தெரியவில்லையென்றால் எறிதலே வேண்டாம், மேட்டில் ஏறி ஓடுங்கள். திரும்பும்போது நடந்தே இறங்குங்கள், இறக்கத்தில் ஓடினால் முழங்காலுக்குத்தான் அடி.